மச்சம் வேலை செய்யாத படம்

தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் படக்கதை சொல்வது எங்கள் தோட்டத்தில் ஒரு பதவி. அது என்னிடம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஹட்டன் டவுனுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வருவேன். அன்றைக்கு என் வீட்டுக்குத் தண்ணீர் எடுப்பதும், என் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதும் கூடக் கொழுந்து பறிக்கிற பெண்களின் பொறுப்பு. பதிலுக்குத் திங்கட்கிழமை முழுக்க நான் பக்கத்து நிரைகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கதை சொல்ல வேண்டும்.

அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ராஜா படம் என்றால் காலையில் கொழுந்து நிறுப்பதற்குள் குழந்தை ஆற்றோடு போய்விட வேண்டும். பகலில் நிறுப்பதற்குள் வில்லன் அரண்மனையைப் பிடித்துவிட வேண்டும். பொழுது சாய்கிற நேரம், மலை முடிகிற இடத்திலுள்ள வாய்க்காலுக்கு நாங்கள் வந்து சேரும்போது, அம்மா மச்சத்தைப் பார்த்து மகனைக் கண்டுபிடிப்பாள். அப்புறம் கல்யாணம், சுபம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேறு தோட்டம். நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. கதை எங்கே நிற்கிறதோ அதை வைத்தே மலையில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்வோம்.

என் பதவிமேல் ஒருத்திக்குக் கண். என் நாத்தனார்தான். சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் பார்த்தே முழுக்கதையையும் சொல்லிவிடுவாள், பாவி.

"இதுக்கு எதுக்கு மதினி பஸ் ஏறிப் போறீங்க? மச்சத்தப் பாத்து அழுவாங்க, அம்புட்டுத்தான்" என்பாள்.

ஒரு மாதம் ஹட்டனில் ஓடியதும் ராஜா படம்தான். அதே வாள், அதே கிரீடம், அதே அட்டை அரண்மனை. ஆற்றோடு போன பிள்ளை வளர்ந்து வந்து, அம்மா முன்னால் சட்டையைக் கழற்றி மச்சத்தைக் காட்டினான். நான் முந்தானையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். அந்த அம்மாவோ, "ஊரில் பாதிப் பேருக்கு மச்சம் இருக்கிறது, சட்டையைப் போடு" என்றுவிட்டாள். அவள் பாடிய தாலாட்டைப் பாடிக் காட்டினான். "நன்றாகப் பாடுகிறாய்" என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தாள்.

அவன் என்ன செய்வான்? அரண்மனைச் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். தினமும் அம்மாவுக்குச் சோறு போட்டான். உப்புக் கூடிவிட்டது என்று அவள் திட்டினாள். கடைசியில், "நாளைக்கு நேரத்தோடு வா" என்றாள். "சரி அம்மா" என்று அவன் போனான். கொட்டகையில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியை விட்டு எழும்பவே இல்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்தக் கோபம் இறங்கிவிட்டது. இத்தனை வருஷம் எத்தனையோ மச்சம் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு பிள்ளை நிற்கிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வழக்கமான முடிவை ஒட்டவைத்துச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். மனசு வரவில்லை.

திங்கட்கிழமை அப்படியே சொன்னேன். இப்போது தெரியும், அப்போது தெரியும் என்று எல்லாரும் காத்துக்கொண்டே பறித்தார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால்தானே மலை முடியும்? தெரியவே இல்லை. நாங்கள் வாய்க்காலைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குள் பத்துச் செடி தூரம் போய்ப் பறித்துக்கொண்டிருந்தோம். அந்தத் தோட்டத்துக் கங்காணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஏசப்போகிறார் என்று வாயை மூடினேன்.

"கடைசி வரைக்கும் அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அதற்கப்புறம்தான் ஏசினார்.

"மதினி பாதிப் படத்துல தூங்கிட்டாங்க. மச்சத்தக் காட்டி அம்மாவுக்குத் தெரியாம இருக்குமா?" என்றாள் நாத்தனார். அடுத்த ஞாயிறு அவளே போய்ப் பார்ப்பது, நான் சொன்னது பொய் என்றால் பதவி அவளுக்கு என்று முடிவானது. எனக்கென்ன பயம், போகட்டும் என்றேன்.

போனாள். வந்தாள். மறுநாள் மலையில் எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"தெரிஞ்சிருச்சி. கட்டிப்புடிச்சி அழுதாங்க" என்றாள்.

பெண்களெல்லாம் அப்பாடா என்று மூச்சுவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அவளைப் பிடித்து, சாமி சத்தியமாகச் சொல்லு என்றேன். தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்க சொன்னதுதான் மதினி படம். அந்தம்மாவ அப்படியே உட்டுட்டு வர என்னால முடியல."

திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. பதவி போனது.

அடுத்த மாதம் அவள் பார்த்துவிட்டு வந்தது வழக்கமான ராஜா படம். அவள் சொல்லும்போது முதல் பாட்டிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பகல் நிறுப்பதற்குள் கதை தீர்ந்துவிட்டது, மலையில் பாதி மிச்சம். எல்லாரும் நிமிர்ந்து மலையைப் பார்த்தார்கள். பிறகு பின் நிரையிலிருந்து ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"இவ பாத்த படம் வேணாக்கா. நீங்க தூங்கிக் கண்டீங்களே, அந்தப் படத்தையே இன்னொருக்காச் சொல்லுங்க."

நாத்தனார் குனிந்த தலை நிமிராமல், "ஆமா மதினி, சொல்லுங்க" என்றாள்.

நான் ஆற்றிலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் கங்காணி மட்டும் முன்னாலேயே போய் வாய்க்கால்மேல் காவலுக்கு நின்றுகொண்டார்.