பழகின கைக்கு மட்டும் ஓடும் பட்டன்

பழைய வீடியோ கேம் கண்ட்ரோலர் ஒன்றை என் கையில் கொடுத்தால், அதை வைத்திருந்தவர் என்ன விளையாடினார் என்று சொல்லிவிடுவேன். பந்து விளையாடியவர் என்றால் இடது பக்கக் குச்சியின் தலை வழுக்கையாகியிருக்கும். சண்டை விளையாடியவர் என்றால் வலது பக்கத்து நான்கு பட்டன்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருக்கும். கார் பந்தயக்காரருக்கு ஒரே ஒரு பட்டன்தான் தேயும், அந்த நான்கில் அடியில் இருப்பது. புது இயந்திரங்களில் எண்ணெய் அமுக்குவது, அதாவது வேகம் கொடுப்பது, ஆள்காட்டி விரலின் வேலை. நான் விளையாடி வளர்ந்த பழைய கேம் பெட்டியில் அது பெருவிரலின் வேலை. பந்தயம் மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடமும் அந்தப் பட்டனை விட்டு விரலை எடுக்க மாட்டோம். பக்கத்தில் பிரேக் பட்டன் வாங்கிய அன்றுபோலப் பளபளப்பாகவே இருக்கும்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறேன் என்ற மிதப்பு வேறு. அந்த மிதப்போடுதான் அப்பாவிடம் அந்தத் தவறைச் செய்தேன்.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஈப்போவைச் சுற்றியிருக்கும் மலைகளிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று விடிகாலையில் லாரிச் சாவியை எடுக்கப் போனவருக்குச் சாவி கையில் நிற்கவில்லை. மூன்று தடவை விழுந்தது. நான்காவது தடவை அவரே விழுந்தார். ஒரு மாதத்தில் வலது கால் இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கிவிட்டது. பேச்சும் தெளிந்தது. வலது கை மட்டும் வரவில்லை. லாரியை இனிமேல் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் மனத்தில் இருந்தது வேறு.

அப்பா பிறந்தது கோப்பெங் பக்கத்தில் ஒரு கித்தா எஸ்டேட்டில். எங்கள் வீட்டில் ரப்பரைக் கித்தா என்றுதான் சொல்வோம். மலாய்ச் சொல் எங்கள் வாயில் புரண்டு அப்படி ஆகிவிட்டது. அந்தக் கித்தா மரங்களை அழித்துச் செம்பனை நட்டு, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்து எத்தனையோ வருடம் ஆகிறது. மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு எங்கெங்கோ போய்விட்ட குடும்பங்களெல்லாம் அங்கே திரும்பி வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அப்பா அம்மாவிடம் சொன்னார்:

"சித்திரைக்குள்ள கை வரணும்."

"வரலேன்னா என்ன? இடது கையில துந்நூறு வாங்கிக்குங்க. ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

"அவ மாட்டா. நான் மாட்டேன்."

சன்னதியில் திருநீறு வாங்க இடது கையை நீட்ட மாட்டேன் என்பதுதான் அதன் பொருள். அம்மாவுக்குப் புரிந்தது. அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்த பெண் ஒரு மெத்துப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். பெருவிரல்தான் கடைசியில் திரும்பும், அதற்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள், முதல் ஆறு மாதம் முக்கியம் என்றாள். பெருவிரலுக்கு வேலை என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்குள் விளக்கு எரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே டிவிக்குக் கீழே பழைய பெட்டியைத் தூசு தட்டி மாட்டினேன். என்னிடம் இரண்டு கண்ட்ரோலர்கள் இருந்தன. ஒன்று, பகுதி நேர வேலை பார்த்து வாங்கிய புதியது. மற்றது ஆரம்பப்பள்ளியிலிருந்து நான் ஓட்டி ஓட்டித் தேய்த்த பழையது. புதிதாகப் பழகுகிறவருக்குப் பழையது போதும் என்று அப்பாவிடம் அதைக் கொடுத்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

முதல் நாள் அவருடைய பெருவிரலில் உயிரே இல்லை. பட்டன் மேல் அதை எடுத்து வைத்து, அதன் மேல் என் பெருவிரலை வைத்து இரண்டு பேருமாக அமுக்கினோம். கார் சீறியது.

"சிக்னல் பட்டன் எங்க?" என்றார் அப்பா.

"சிக்னல்லாம் கெடையாதுப்பா. இது ரேஸ் லா."

"சிக்னல் இல்லாம எப்படி லேன் மாறுறானுங்க? இவனுங்களுக்கு லைசென்ஸ் குடுத்தது யாரு?"

சாலையின் இடது ஓரத்தை விட்டு அவர் நகரவே மாட்டார். வளைவு வந்தால் முந்த மாட்டார். நான் வெறுமனே விட்டிருந்த பிரேக் பட்டனை இடது கையை நீட்டித் தேடி அமுக்குவார். எல்லாக் கார்களும் போய்ச் சேர்ந்த பிறகு ஊர்வலம்போல வந்து கோட்டைத் தாண்டுவோம்.

"கல்லு ஏத்தி வாராரு போல. மெதுவா வரட்டும்," என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள்.

"கடைசியா வந்தா என்ன? வண்டியில ஒரு கீறல் இருக்கா பாரு," என்பார் அப்பா.

மார்கழி முழுக்க இப்படிப் போயிற்று. மெல்ல மெல்ல என் விரலுக்கு அடியில் அவருடைய விரல் அசைவதை உணர்ந்தேன். முதலில் துடிப்பு. அப்புறம் ஒரு சின்ன அழுத்தம். பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து, இனிமேல் என் கை தேவையில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

கார் திக்கித் திக்கி நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது.

"அமுக்குங்கப்பா."

"அமுக்குறேன் லா."

"இன்னும் நல்லா."

"அமுக்குறேன் பாப்பா." அவர் நெற்றியில் வியர்வை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எல்லாக் கார்களும் எங்களைத் தாண்டிப் போயின. "இது ரோசாக் ஆயிருச்சு போல. பட்டன் வேல செய்யல."

ரோசாக் என்றால் பழுது. என் கண்ட்ரோலரையா பழுது என்கிறார்? அவர் கையிலிருந்து வாங்கினேன். அமுக்கினேன். கார் பாய்ந்தது. ஒரு சுற்று முழுக்க ஓட்டிக் காட்டினேன்.

"பாத்தீங்களா? பட்டன் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் அமுக்கல."

அப்பா திரையைப் பார்க்கவில்லை. என் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. உன் கைக்கு ஓடுது," என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. மெத்துப் பந்து சோபாவுக்கு அடியில் உருண்டு போய்க் கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. பயிற்சிக்குப் போகும் நாள் வந்தால், "அடுத்த வாரம் போலாம்," என்பார். அடுத்த வாரமும் அதையே சொல்வார். ஒருநாள் அம்மா கேட்டே விட்டாள்.

"கை வேணாமா உங்களுக்கு? சித்திரை சித்திரைன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

"பால் நின்ன மரம் அது. வெட்டுனா பட்டதான் வீணாப் போவும்."

அம்மாவும் எஸ்டேட்டில் வளர்ந்தவள்தான். பால் வராமல் காய்ந்துபோன மரத்துக்குச் சாயத்தில் ஒரு குறி போட்டுவிடுவார்களாம். அதற்கப்புறம் அந்த மரத்தில் யாரும் கத்தி வைப்பதில்லை. அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். அப்பா தன் கைக்குத் தானே குறி போட்டுக்கொண்டார் என்று அம்மா எனக்குச் சொன்னாள். மனிதர் சோர்ந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அவரைச் சோர வைத்தது எது என்று ஒரு தடவைகூட என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மாசி முடியும் நேரம். டிவிக்குக் கீழே அந்தக் கண்ட்ரோலரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. விற்றுவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனேன். கைப்பேசி பழுது பார்க்கும் சின்னக் கடை. கடைக்கார அண்ணன் பழைய விளையாட்டுச் சாமான்களும் வாங்கி விற்பவர். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோதிக்கும் திரையில் மாட்டினார். ஒரு பென்சிலின் தட்டை முனையை எடுத்து அந்தப் பட்டனின் நட்டநடுவில் வைத்து அமுக்கினார்.

திரையில் ஒன்றும் எரியவில்லை.

இன்னும் அழுத்தி அமுக்கினார். பென்சில் முறிந்துவிடும் போலிருந்தது. விளக்கு எரியவில்லை. பிறகு பென்சிலைச் சற்றுச் சாய்த்து, பட்டனின் வலது ஓரத்தில் மெதுவாகத் தொட்டார். பளிச்சென்று எரிந்தது.

"யாரு தங்கச்சி இத ஓட்டுனது?"

"நான்தான் அண்ணே."

"வேற யாருக்காச்சும் குடுத்தியா?"

நான் அந்தப் பட்டனைப் பார்த்தேன்.

"குடுத்திருந்தா உன்ன நல்லாத் திட்டியிருப்பாங்க. இது பழகின கைக்கு ஓடும். புதுக் கைக்கு எவ்வளவு அமுக்குனாலும் ஓடாது."

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். பட்டன்களுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர்த் தகடு, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு குமிழ். குமிழின் அடியில் இருக்கும் கறுப்புப் பொட்டு பலகையைத் தொட்டால்தான் கார் ஓடும். பாடத்தில் படித்தது, பரீட்சையில் எழுதியது. மூன்று பொட்டுகள் முழுசாக இருந்தன. நான்காவதில் பொட்டே இல்லை. வலது ஓரத்தில் நகக்கீற்று அளவுக்கு மட்டும் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கித்தா போச்சு," என்றார்.

என் பெருவிரலைப் பார்த்தேன். மேசை விளிம்பில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். அது தானாக வலது பக்கம் சாய்ந்தது. பட்டன் நடுவில் தேயத் தேய, எனக்கே தெரியாமல் என் விரல் ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் கவனித்ததில்லை. அப்பாவின் விரல் மேல் என் விரலை வைத்து அமுக்கியபோதும் அது சாய்ந்துதான் அமுக்கியிருக்கும். அதனால்தான் கார் ஓடியது. அவர் தனியாக அமுக்கியபோது நேராக, நடுவில் அமுக்கினார். யாரும் அப்படித்தான் அமுக்குவார்கள்.

"கித்தாவ மாத்திக் குடுங்கண்ணே."

"விக்கத்தானே வந்த?"

"விக்கல. பழைய கித்தாவும் எனக்கு வேணும்."

அவர் ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் பழையதை ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் பகுதியான சிலிபினில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. அப்பா நாற்காலியில் இருந்தார், மடியில் வலது கை. அம்மா தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அன்னிக்கு நீங்க அமுக்குனீங்க."

"என்னிக்கு?"

"பொங்கலுக்கு அப்புறம். நீங்க அமுக்கலன்னு சொன்னேன்ல. அமுக்குனீங்கப்பா. உள்ள கித்தா தேஞ்சு போயிருந்துச்சு. நான் தேச்சது. அதனால என் கைக்கு மட்டும்தான் ஓடுச்சு."

"உள்ள இருக்கிறது கித்தாவா?"

உறையைக் கொடுத்தேன். இடது கையில் வாங்கி, அந்தத் தகட்டை வெளியே எடுத்தார். பால் வெட்டிய காலத்துப் பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனார்.

"வாசமே இல்ல," என்றார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அந்தக் கித்தாக் காட்ட விட்டு வந்து எத்தன வருசம் ஆச்சு. வீடு தேடி வந்து உங்க கால வாரி விட்டுருக்கு பாருங்க." யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

அப்பா அந்தப் பொட்டில்லாத குமிழை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் அமுக்குனேன்."

"அமுக்குனீங்கப்பா."

"ரெண்டு மாசம் போச்சே, பாப்பா."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஆறு மாதம் முக்கியம் என்றிருந்தார்கள். அதில் இரண்டு மாதத்தை நான் ஒரே வாக்கியத்தில் எடுத்துக்கொண்டேன்.

பெட்டியை மாட்டினேன். இந்தத் தடவை என் புதிய கண்ட்ரோலரைத்தான் கொடுத்தேன். அவர் அதை ஒதுக்கிவிட்டு, கித்தா மாற்றிய பழையதைக் கேட்டு வாங்கினார். மார்கழியில் வந்திருந்த தெம்பெல்லாம் அந்த விரலில் இப்போது இல்லை. கார் ஒரு முழம் நகரும், நிற்கும். மறுபடி ஒரு முழம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை பரபரத்தது. அவர் விரல் மேல் போய்விடக்கூடாது என்று கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். முதல் சுற்றே முடியவில்லை, நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது.

"இன்னொண்ணு போடு," என்றார் அப்பா.

மறுநாள் சோபாவுக்கு அடியிலிருந்து மெத்துப் பந்தை அம்மா எடுத்துக் கழுவி வைத்தாள்.

சித்திரையில் கோப்பெங்குக்குப் போனோம். சட்டையின் ஐந்து பட்டன்களில் கடைசி ஒன்றை மட்டும் அப்பாவே போட்டார். அதற்குள் எங்களை ஏற்ற வந்த வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டது. கோயிலில் நல்ல கூட்டம். தீபாராதனை முடிந்து பூசாரி தட்டோடு வரிசையாக வந்தார். அப்பாவோடு சின்ன வயதில் பால் வெட்டியவர். விஷயம் தெரிந்தவர்தான். அப்பா முன்னால் வந்து அவசரப்படாமல் நின்றார்.

அப்பா இடது கையால் வலது கையைத் தாங்கி நீட்டினார். விரல்கள் விரியவில்லை. பாதி மூடிய கைதான். பெருவிரல் உள்ளங்கைக்குக் குறுக்கே கிடந்தது. நாங்கள் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மெல்ல, ஒரு முழம் நகர்ந்து நிற்கும் அந்தக் காரைப்போல, விட்டு விட்டு விலகியது. விலகிய இடத்தில் பூசாரி திருநீற்றை வைத்தார்.

கையை நெற்றிவரை தூக்க முடியவில்லை. அப்பா குனிந்து நெற்றியைக் கைக்குக் கொண்டுபோனார். பாதி சட்டையில் கொட்டியது. அம்மா தட்டிவிடப் போனாள். "இருக்கட்டும்," என்றார்.

வீடு திரும்பியதும், கை கால்கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ட்ரோலரைக் கேட்டார். இரண்டு சுற்று ஓட்டினார். கடைசிதான், கீறல் இல்லை. அவர் படுக்கப் போன பிறகு எடுத்து வைக்கும்போது பார்த்தேன். எண்ணெய் அமுக்கும் பட்டன் மேல் திருநீறு வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஓரத்தில் இல்லை. நட்டநடுவில்.