சொல்றது, அவ அம்மா

உக்காயாலி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கைப்பேசிக் கோபுரம் இன்னும் வந்து சேரவில்லை. பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயர்கள் கம்பத்து ஒலிபெருக்கியில்தான் வரும். மூட்டம் விலகாத காலையில் சொராய்தா டீச்சரின் குரல் வீட்டுக்குள் மிதந்து வரும்போது, ஆறே பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருக்கும். என் பாதித் தூக்கம் அதில்தான் பாழாய்ப் போனது.

டீச்சர் கறார். பிள்ளை வராவிட்டால் பெற்றவர்களே வந்து மைக்கில் காரணம் சொல்ல வேண்டும்.

"மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறேன். சொல்றது, லிசேனியாவோட அம்மா நெல்வா. போதுமா டீச்சர்? ஊருக்கே கேக்கற மாதிரி என் மானத்த வாங்கியாச்சா?"

"மீன் நாளைக்கும் ஆத்துலதான் இருக்கும், நெல்வா."

இருவருக்கும் ஒரே வயது, ஏழாம் பொருத்தம்.

ஒருநாள் அந்தக் குரல் வரவில்லை. மூட்டம் கலைந்த பிறகும் ஊர் கனவுக்குள்ளேயே கிடந்தது. படகில் ஏறிய நாங்கள்கூடத் துடுப்பு போடாமல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சர் தனியாக இருக்கும் வீட்டுக்குள் நெல்வா விறுவிறுவென்று ஏறிப் போனாள். இறங்கி வந்தவள் நேராக மைக்கைப் பிடித்தாள்.

"சொராய்தா இன்னைக்குப் பள்ளிக்கூடம் வராது. உடம்பு நெருப்பா கொதிக்குது. வாழைப்பழக் கஞ்சி வச்சுக் குடுக்கப் போறேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சொல்றது, அவ அம்மா."