பன்றி திரும்பிப் போன பக்கம்

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற பஸ்ஸில் வெளியூர்க்காரன் எவனாவது ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால், மக்காச்சோளக் காட்டைச் சுற்றிக் கலர் கலராகச் சேலை கட்டியிருப்பதைப் பார்த்து ஏதோ கோயில் கொடை என்று நினைப்பான். கொடையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. காட்டுப்பன்றிக்குக் கட்டுகிறோம். பெண்கள் உடுத்திப் பழசான சேலைகளைக் கம்பு ஊன்றிச் சுற்றிவரக் கட்டினால், மனுஷ வாடைக்குப் பயந்து பன்றி உள்ளே வராது என்பார்கள். துவைக்காத சேலை என்றால் இன்னும் நல்லதாம்.

மேற்கே பார்த்தால் மலை தெரியும். அங்கே பெய்து மிஞ்சுகிற மழை எங்களுக்கு வந்தால் போதும், வராது. யானை, கரடி, மிளா, சிங்கவால் குரங்கு எல்லாம் அந்த ஈரக்காட்டுக்குள் இருக்கின்றன. யானை மலையடித் தோப்புகளில் இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். கரிசல் வரைக்கும் வந்தது பன்றி மட்டும்தான். வந்தது திரும்பவில்லை. குளத்துக்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதற்குள் குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் குட்டி போட்டு, இப்போது இருப்பதெல்லாம் மலையையே பார்க்காத பன்றிகள். நாங்கள் அதன்மேல் கைவைத்தால் கேஸ். அது எங்கள் பயிரில் வாய்வைத்தால் மனு. மனு கொடுத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

என் பெண்டாட்டி போன ஆடியில் செத்தாள். இயற்கை எய்தினாள் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. மஞ்சள் காமாலை என்று நினைத்துப் பத்தியம் வைத்துக்கொண்டிருந்தோம். உள்ளே கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிணமாகக் கொண்டுவந்தோம்.

பதினாறு கழிந்ததும் அவள் சேலைகளைப் பிறந்த வீட்டுப் பெண்கள் பங்கு போட்டு எடுத்துப் போனார்கள். அது வழக்கம். ஒன்றை மட்டும் நான் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்று அவிழ்த்துப் போட்ட பச்சைச் சேலை. துவைக்காதது. ஜவுளிக்கடைப் பைக்குள் திணித்து, வாயை இறுக்கிக் கட்டி, பீரோவுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

எடுத்து எடுத்து மோந்து பார்ப்பேன் என்று நினைக்க வேண்டாம். கொரோனா வந்துபோனதிலிருந்து எனக்கு மூக்கு கிடையாது. கருவாடு வறுத்தாலும் ஒன்றுதான், சாணியை மிதித்தாலும் ஒன்றுதான். “ஊசிப்போன கொழம்ப ஊத்துனாலும் நல்லாருக்குன்னு இன்னொரு கை சோறு கேப்பிய” என்று அவள் கேலி பண்ணுவாள். எனக்குத் தெரியாவிட்டால் என்ன, அவள் வாடை அந்தப் பைக்குள் இருந்தது. இருந்தால் போதும் என்று வைத்திருந்தேன்.

ஐப்பசி மழைக்குப் போட்ட மக்காச்சோளம் மார்கழியில் பால் பிடித்தது. பன்றிக்கு எப்படித்தான் தெரியுமோ, அந்த வாரமே வந்துவிட்டது. சலூன் கடையில் வெட்டிப்போட்ட முடியைச் சாக்கில் அள்ளிவந்து வரப்பெல்லாம் தூவினேன். மூக்கில் ஏறினால் தும்மிக்கொண்டு ஓடும் என்றார்கள். ஒரு தூறல் போட்டதும் முடி சேற்றோடு சேர்ந்துவிட்டது. பன்றி அதை மிதித்துக்கொண்டு உள்ளே போனது. தின்றுவிட்டுப் போனால்கூடச் சரி என்று விடலாம். சோளத்தட்டையைச் சாய்த்து, கதிரில் ஒரு வாய் கடித்துத் துப்பிவிட்டு, அடுத்த தட்டையைச் சாய்க்கும். அந்தப் புத்திதான் எனக்கு ஆத்திரம்.

அந்த நேரம் பார்த்து மகள் வீட்டில் ஒரு விசேஷம். தென்காசி போய்விட்டுத் திரும்பி வந்தால், என் காட்டைச் சுற்றிச் சேலை கட்டியிருக்கிறது. அண்ணன் வேலை. மதினி தெருவில் கேட்டு வாங்கியதையெல்லாம் கட்டியிருக்கிறான். மேற்கு ஓரத்துக்குச் சேலை பத்தாமல் போனதும், அவனிடம் கொடுத்துவைத்த சாவியால் என் வீட்டைத் திறந்து தேடியிருக்கிறான். அந்தப் பச்சைச் சேலையை நீளவாக்கில் பட்டை பட்டையாகக் கிழித்து, முடிச்சுப் போட்டு, மேற்கு ஓரம் முழுக்க இழுத்துக் கட்டியிருந்தான்.

“யாரக் கேட்டு எடுத்த?” என்றேன்.

“ஏலே, மத்த சேலையெல்லாம் சோப்பு வாடைலா அடிக்கி. பன்னி என்ன குளிக்கவா வருது? இதுதான் துவைக்காம கெடந்துச்சு.”

“அது அவ சேலை.”

“தெரியாமயா எடுத்தேன்? உன் வெள்ளாமைக்குத்தாம்லே பாக்கேன்.”

நான் முடிச்சை அவிழ்க்கப் போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அவுக்கதுக்கு முன்னால கீழ பாரு.”

சேற்றில் குளம்புத் தடம். பெரிய தடம் ஒன்று, கூடவே குட்டிகளின் தடம். சேலைக்குக் கொஞ்சம் தள்ளி அப்படியே நின்று, மண்ணைக் கிளறி, வந்த வழியே திரும்பியிருந்தன. சோப்பு வாடைச் சேலை கட்டிய கிழக்கும் தெற்கும் சப்பையாகக் கிடக்க, மேற்கு மட்டும் ஒரு தட்டை சாயாமல் நின்றது.

“உசுரோட இருக்கையில நீ பயந்த. இப்பம் பன்னி பயப்படுது” என்றான் அண்ணன்.

அவனை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எட்டாதது அந்தச் சனியனுக்கு எட்டியிருக்கிறது. அப்படியானால் அவள் இருக்கிறாள். முடிச்சை விட்டுவிட்டேன்.

அதன்பிறகு தினமும் விடிந்ததும் மேற்கு ஓரத்துக்குத்தான் முதலில் போவேன். சோளத்தைப் பார்க்க அல்ல. தடம் சேலையோடு நின்றிருக்கிறதா என்று பார்க்க. நின்றிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். ஒருநாள் தாய்ப்பன்றியையே பார்த்தேன். குட்டிகள் பின்னால் நிற்க, மூஞ்சியைத் தூக்கிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஈரமான வட்ட மூக்கு, துடித்துக்கொண்டே இருந்தது. அந்த மூக்கைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அது உறுமிவிட்டுத் திரும்பிப் போனது.

பிறகு மழை. மானாவாரிக்காரன் மழையைத் திட்டினால் நாக்கு அழுகும் என்பார்கள். நான் திட்டினேன். விடாமல் பெய்தது, அப்புறம் சுள்ளென்று வெயில் அடித்தது.

வெயில் ஏறிய இரண்டொரு நாளில் மேற்கும் போயிற்று. கம்பு சாய்ந்து, சேலை சேற்றுக்குள் மிதிபட்டுக் கிடந்தது. தடம் எங்கேயும் தயங்கவில்லை. பெரியதும் சின்னதுமாகச் சேலைமேல் ஏறி நேரே உள்ளே போயிருந்தது.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் போனோடு வந்தான். “எந்திரி. போட்டோ எடுத்து பாரஸ்ட் ஆபீஸ்ல மனு குடுப்போம். இந்தச் சோளத்துக்கா இப்படி அழுவுத? மகளக் கெட்டிக் குடுத்தாச்சு, ஒத்தக் கட்டை, உனக்கு என்ன கொறச்சல்?”

அவன் சேலையைத் தூக்கி உதறி, மறுபடி கம்பில் கட்டப் போனான்.

“கட்டாத. மோந்து பாரு” என்றேன்.

“என்னது?”

“மோந்து பாத்துச் சொல்லுண்ணே. எனக்குத்தான் தெரியாதுல்லா.”

அவன் என்னைப் பார்த்தான். சேலையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். வேறொரு இடத்தைப் பிடித்து இன்னொரு தடவை மோந்தான்.

“மண்ணு வாடைதாம்லே அடிக்கி” என்றான். குரல் இறங்கிவிட்டது. போட்டோ எடுக்காமல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.