தங்கை பேசிய கருவி

கை கால் வராதவர்களுக்கும் பேச்சு வராதவர்களுக்கும் கருவிகள் பொருத்திக் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவன் பதினோரு வருடமாக மெக்கானிக். சக்கர நாற்காலி பிரேக் பிடிக்கவில்லை என்றாலும், காது மெஷின் கீச்சிட்டாலும் அவன் மேஜைக்குத்தான் வரும். எல்லோரும் அவனை 'ஸ்குரூ' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும்.

அவன் தங்கைக்குப் பிறவியிலேயே பேச்சு வராது. உடம்பில் அவள் சொன்னபடி கேட்டது இடது முழங்கால் மட்டும். அவளுடைய முப்பத்திரண்டாவது வயதில் அந்த முழங்காலுக்கு ஒரு சுவிட்ச் செய்து, நிறுவனத்தின் பேசும் கருவியோடு இணைத்துக் கொடுத்தான். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது முழங்காலால் இடித்தால் போதும். வாக்கியம் முடிந்ததும் கருவி ஒரு பெண்குரலில் வாசிக்கும். முதல் வாக்கியத்துக்கு இருபது நிமிடம் பிடித்தது.

"அண்ணா, உன் மீச நல்லால்ல."

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுநாள் அவன் மீசையை எடுத்துவிட்டான்.

மூன்று வருடம் ஓயாமல் பேசினாள். பிறகு நெஞ்சில் சளி கட்டி, ஐந்தே நாளில் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து அவன் கருவியைத் துணிப்பையில் போட்டு ஆபீசுக்குக் கொண்டுவந்தான். அங்கே கருவிக்காக ஆட்கள் காத்திருந்தார்கள்.

"அவசரமில்லப்பா. நீயே வச்சிக்கிறதா இருந்தாலும் நான் பேசிப் பாக்குறேன்" என்றார் பொறுப்பாளர் மேடம்.

"வேணாம் மேடம். அடுத்தது யாரு?"

தங்கை சேமித்திருந்த வாக்கியங்களை அழிக்க வேண்டும். நூற்று நாற்பத்தேழு இருந்தன. முதுகு அரிக்குது. ஃபேனக் கொறைங்க. அம்மா, அழாம சாப்பிடு. எல்லாவற்றையும் படித்தான். மனசில் ஒன்றும் ஏறவில்லை. 'அழிக்கவா?' என்று திரை கேட்டது. அழுத்திவிட்டுக் கை கழுவப் போனான். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறான். யாரோ வந்துதான் மூடினார்கள்.

அடுத்தது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். பக்கவாதம் பேச்சையும் கைகளையும் எடுத்துக்கொண்டு வலது பாதத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது.

"பிரேக் போடுற காலு. அது மட்டும் தப்பிச்சிருச்சு" என்றார் அவர் மனைவி.

கட்டில் ஓரத்தில் பலகை வைத்து, பாதத்துக்கு வாகாகச் சுவிட்சைப் பொருத்தினான். டிரைவர் வியர்க்க வியர்க்க அழுத்தினார். கடைசியில், தங்கை பேசிய அதே குரலில் கருவி சொன்னது:

"ஜன்னலத் தொறடி."

மனைவி வாயைப் பொத்திச் சிரித்தபடியே போய்த் திறந்தார். "ஏம்பா, இதுல ஆம்பளக் குரல் இல்லையா? யாரோ பொண்ணு என்ன அதட்டுற மாதிரி இருக்கு."

"இருக்கும்மா. ரெண்டு நிமிஷ வேல."

அவன் கை திரைக்குப் போவதற்குள் டிரைவரின் பாதம் அசைய ஆரம்பித்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

"இதே இருக்கட்டும். என் குரலுக்கு இவ என்னிக்குப் பயந்தா?"

"சரிங்க" என்றான். உள்ளுக்குள் எதுவும் அசையவில்லை. சுவிட்ச் ஒயர் கொஞ்சம் நீளமாக இருப்பதுதான் கண்ணில் பட்டது. சுருட்டிக் கட்டினான்.

டிரைவர் அதே குரலை வைத்துக்கொண்டதை வீட்டில் சொன்னபோது அம்மா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நாலு நாள் போனபின்தான் கேட்டாள்: "என்னை ஒரு தடவ அங்க கூட்டிட்டுப் போறியாப்பா?"

அடுத்த மாதம் கருவியைச் சரிபார்க்கப் போகும்போது கூட்டிப்போனான். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். டிரைவர் வெகுநேரம் அழுத்தினார். கருவி அதே குரலில் கேட்டது:

"டீ குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன்டா கண்ணு" என்றாள் அம்மா. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "குடிக்கிறேங்க."

டிரைவரின் மனைவி டீ போட எழுந்து போனார். டீ வந்தது. அம்மா முழுசாகக் குடித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்து அவள் தூங்கிப்போனாள். இறங்கவேண்டிய இடம் வந்தும் அவன் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தம் வரை போனார்கள்.