டைம் சார் எண்ணிய எட்டு நொடி

பேருந்து நிலையத்தின் ஐந்தாவது நடைமேடையை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், சுவரில் ஒரு கடிகாரம், ஒரு மின்விசிறி. விசிறி சுற்றினால் காகிதம் பறக்கும், சுற்றாவிட்டால் ஆளுக்கு வேர்த்து ஊற்றும். அந்தக் கூண்டுக்குள் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் டைம் சார் என்பார்கள். நேரக் காப்பாளர் என்பது உத்தியோகத்தின் பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. ஒருநாள் ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அவரே திரும்பிப் பார்க்கவில்லை என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

வேலை என்னவோ ஒரே வேலைதான். நேரம் வந்ததும் விசில் ஊத வேண்டும். ஊதிய நொடியிலிருந்து அந்த வண்டியின் ஓட்ட நேரம் தொடங்கிவிடும். நடத்துனர் டீக்கடையில் நிற்கிறாரா, யாராவது படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாகத் தொங்குகிறார்களா என்பதெல்லாம் அவர் பாடு இல்லை. "டைம் சார் ஊதிட்டாரு" என்றால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. ஒரு நொடி முன்னே பின்னே போனதாக யாரும் அவரைச் சொன்னதில்லை. அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே உண்டு. நல்ல மனுஷன்தான், அதற்காகக் கர்வத்தை மறைத்துவிட்டு நான் கதை சொல்ல முடியாது.

நிலையத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் கல்லூரியின் பாஸ்கெட்பால் மைதானம். ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவே கிடைக்கிற அரைமணி நேரத்தில் ஓட்டுநர்களும் நடத்துனர்களும் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்தது பழகி, பழகியது பைத்தியமாகி, இப்போது அந்த அணி எங்கே ஆடினாலும் அறுபது பேர் லீவு போட்டுவிட்டுப் போய் உட்காருகிறார்கள். பெற்றவர்கள்கூட அவ்வளவு பேர் வருவதில்லை. பெண்களுக்குப் பட்டப்பெயரும் இவர்கள் வைத்ததுதான். நெடுநெடுவென்று வளர்ந்தவள் டபுள் டெக்கர். நிற்காமல் ஓடுகிறவள் எக்ஸ்பிரஸ். தான் போடாமல் பந்தை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருக்கும் குட்டையான பெண், ஷட்டில்.

இந்தக் கூட்டத்துக்கு இரண்டு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிகிற நேரத்தில் கடைசி நொடிகளை டைம் சார் எழுந்து நின்று உரக்க எண்ணுவார், அறுபது தொண்டையும் அவரோடு சேரும். ஓடுகிற பெண்களுக்குக் காதில் விழுந்தால் போதும். போன வருடம் இந்த எண்ணிக்கையை வைத்தே ஒரு ஆட்டத்தை ஜெயித்தார்கள். இன்னொரு வழக்கம், தொடர் முடிந்த மறுநாள் ஓய்வறையில் கூடி ஒவ்வொருத்திக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது. அதை டைம் சார் எழுதிக் கூண்டுக் கண்ணாடியில் ஒட்டுவார். பஸ் ஏற வரும் பெண்கள் நின்று படிப்பார்கள். அவர்களுடைய பி.டி. டீச்சரும் படிக்காத மாதிரி படித்துவிட்டுப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எட்டு நொடி பாக்கி, பந்து நம் பக்கம், கோட்டுக்கு வெளியிலிருந்து டபுள் டெக்கர் உள்ளே எறிய வேண்டும். ஷட்டில் ஓடவேண்டிய பக்கத்துக் கடிகாரப் பலகை இடைவேளையிலேயே அணைந்து போயிருந்தது. வேலை செய்த பலகை அவளுக்கு முதுகுப் பக்கம். டைம் சார் எழுந்தார். நடுவர் பந்தை டபுள் டெக்கர் கையில் கொடுத்தார்.

"எட்டு!" என்றார் டைம் சார்.

அங்கேதான் வினை. வெளியிலிருந்து எறியும்போது, உள்ளே நிற்கிற ஒருத்தி பந்தைத் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓடும். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விதி, அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் நடுவர் விசில் ஊதினார், பந்து கை மாறியது. இருபத்தாறு வருடமாக விசில் ஊதினால் நேரம் தொடங்கிவிட்டது என்று பழகிய உடம்பு, மூளையைக் கேட்காமல் வாயைத் திறந்துவிட்டது. எதிரணிக்காரி கையை விரித்து மறித்ததால் டபுள் டெக்கர் எறியவே நாலு நொடி ஆனது. பந்து ஷட்டில் கைக்கு வந்தபோது அறுபது பேரும் "நாலு!" என்று கத்தினார்கள். உண்மையில் எட்டும் அப்படியே பாக்கி இருந்தது. அவள் தலைதெறிக்க ஓடினாள். "ரெண்டு! ஒண்ணு!" நடுக்கோட்டைத் தாண்டிய இடத்திலிருந்தே தூக்கி எறிந்தாள். கூடைக்கு அடியில் எக்ஸ்பிரஸ் மறிக்க ஆளில்லாமல், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். பந்து வளையத்தின் ஓரத்தில் பட்டு எதிரணி கைக்குப் போனது. அதன் பிறகும் ஆட்டம் நடந்தது. நாலு நொடி கழித்துத்தான் மணி அடித்தது.

"கடிகாரத்துக்காரன் தூங்கிட்டான் பாரு" என்று பக்கத்தில் யாரோ திட்டினார்கள்.  அந்த நாலு நொடியில் டைம் சாருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார்.

மறுநாள் ஓய்வறையில் நிற்க இடமில்லை. பெரிய டிரைவர்தான் வழக்கம்போல நடுநாயகம். மனிதர் வண்டியைப் பூப்போல ஓட்டுவார், வாய்க்கு மட்டும் அவரால் பிரேக் போட முடியாது.

"டபுள் டெக்கருக்கு ஏழு" என்றார் ஒருவர்.

"எறியறதுக்கு அவ்ளோ நேரம் எடுத்துக்கிட்டா. ஆறு போதும்" என்றார் இன்னொருவர்.

எக்ஸ்பிரஸுக்கு ஒன்பது என்று சண்டையில்லாமல் முடிந்தது. அடுத்தது ஷட்டில். 

"முட்டை போடுங்க சார்" என்றார் பெரிய டிரைவர். "ரெண்டு வருஷமா பந்தை அடுத்தவங்களுக்கே கொடுத்த புள்ள, நேத்து மட்டும் பேரு வாங்கணும்னு ஆசைப்பட்டுடுச்சு. கூடைக்குக் கீழ ஒருத்தி கையத் தூக்கிட்டு நிக்கறா, கண்ணா தெரியல?"

"ஒரு தப்புக்காக முட்டையா? சின்னப் பொண்ணுங்க அது" என்றார் கண்டக்டர் அம்மா. கல்லூரி ஹாஸ்டல் வழித்தடத்தில் போகிறவர், அந்தப் பெண்களையெல்லாம் தினமும் பார்க்கிறவர். அவர் பேச்சு எடுபடவில்லை. ஆளாளுக்கு முட்டை, முட்டை என்றார்கள்.

பேனா டைம் சார் கையில் இருந்தது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அறை முழுக்க அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் முன்னால், நேரத்தில் தப்புப் பண்ணிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அவர் பூஜ்யம் போட்டார். வட்டமாக, அழகாகவே போட்டார். கொண்டுபோய் ஒட்டியும் விட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் இந்த இடத்தில் அவர் செய்தது கேவலம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஹாஸ்டல் வழியாக வரும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஷட்டில் வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர், நடுவில் அந்தத் தாள். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். அவரைப் பார்த்து, எப்போதும்போல, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு கல்லூரிக்கு நடந்தாள். அவருக்கு விசிலை வாயில் வைக்கவே கை வரவில்லை.

மத்தியானம் கண்டக்டர் அம்மா கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். "கேட்டீங்களா சார்? வெள்ளிக்கிழமை அடுத்த வருஷத்து டீம் லிஸ்ட் போடறாங்களாம். ஷட்டில் பேரு இல்லியாம். ஏன்டி அங்கேருந்து எறிஞ்சேன்னு டீச்சர் கேட்டதுக்கு, அவசரப்பட்டுட்டேன்னு ஒத்த வார்த்தைதான் சொல்லுச்சாம். டீம்ல இல்லேன்னா ஹாஸ்டல் ரூமும் கிடையாது. அது வீடு நாலரை மணி நேரம். தினம் வந்து போக முடியுமா? படிப்பே நின்னுடும் போலிருக்கு."

அன்று சாயங்காலம் அவர் தட்டில் வைத்ததைத் தொடவில்லை. மனைவி இரண்டு முறை கேட்டாள், மூன்றாவது முறை தட்டை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு சொன்னார், முழுவதும் சொன்னார்.

அவள் எடுத்த தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு, "தப்பா எண்ணினதுக்கு உங்களை யாரும் தூக்குல போடப் போறதில்ல" என்றாள். "தெரிஞ்சுக்கிட்டே அந்த முட்டையைப் போட்டீங்க பாருங்க, அதை எப்படிங்க மனசு வந்து போட்டீங்க?"



புதன்கிழமை காலை, வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால் ஓய்வறைக்குப் போனார். டீ டம்ளரும் கையுமாக இருபது பேர் இருந்தார்கள். நடுவில் நின்று சொன்னார். "ஞாயித்துக்கிழமை நான் தப்பா எண்ணிட்டேன். நடுவர் பந்தைக் கொடுத்ததுமே ஆரம்பிச்சுட்டேன். அந்தப் பொண்ணுக்கு இன்னும் அஞ்சு செகண்ட் இருந்துச்சு. என் எண்ணிக்கையைக் கேட்டுத்தான் எறிஞ்சா."

 பெரிய டிரைவர் சிரித்தார். "போங்க சார், நீங்களாவது தப்பா எண்றதாவது! சூரியன் லேட்டா வந்தாலும் வரும்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"புரியுது சார். அந்தப் புள்ள பாவம்னு பழியை உங்க தலையில இழுத்துப் போட்டுக்கறீங்க. இந்த மனசு யாருக்கு வரும்?" என்று சொல்லி, அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் அவருக்கென்று டீ வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். டைம் சார் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர்கள் பார்வையில் மரியாதைதான் கூடிக்கொண்டே போனது. கண்டக்டர் அம்மா மட்டும் சிரிக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூண்டுக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்து எறிந்தார். அதனால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?

சாயங்காலம் நாலு மணிக்கு வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கல்லூரி வாசல் வழியாக மைதானத்துக்குப் போனார். இத்தனை வருடத்தில் சுவருக்கு மேலே பார்த்திருக்கிறாரே தவிர, உள்ளே கால் வைத்ததில்லை. பெண்கள் இரண்டு வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஷட்டில் ஓடவில்லை. கழுவி மடித்த ஜெர்சியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

பி.டி. டீச்சர் ஆச்சரியமாக அருகில் வந்தார். "என்ன டைம் சார், இந்தப் பக்கம்?"

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எங்கே தொடங்கினார், எத்தனை நொடி போனது, தெரிந்தே பூஜ்யம் போட்டது உட்பட.  ஓடிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றார்கள்.

டீச்சர் அவரை நம்பாமல் போகவில்லை. அன்று பெஞ்சிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் டீச்சர். "டைம் இருக்கு, டைம் இருக்குன்னு தொண்டை கிழியக் கத்தினேன் சார். உங்க ஆளுங்க என்ன எண்றாங்கன்னும் புரியல, அந்தச் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கல" என்றார். பிறகு ஷட்டில் பக்கம் திரும்பினார். கோபமா வருத்தமா என்று தெரியாத குரல். "மூணு தடவை கேட்டேனேடி. எண்ணினதைக் கேட்டுத்தான் எறிஞ்சேன்னு சொல்றதுக்கு என்ன?"

ஷட்டில் எழுந்து நின்றாள். "பந்து கைக்கு வந்தப்போ நாலுன்னு கேட்டுச்சு டீச்சர். எட்டு இருக்கணுமேன்னு எனக்கே தோணுச்சு."

"தோணுச்சா? அப்புறம் ஏன் எறிஞ்சே?"

"எண்றது டைம் சார் ஆச்சே. என் கணக்குதான் தப்புன்னு நினைச்சுட்டேன்."

"சரி, மணி அடிச்சப்புறம் தெரிஞ்சுடுச்சில்ல? அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

அந்தப் பெண் டைம் சாரைப் பார்த்தாள். கண்ணில் குற்றம் சொல்கிற பார்வை இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"யார்கிட்ட சொல்றது டீச்சர்? டைம் சார் தப்பா எண்ணிட்டாருன்னு நான் சொன்னா யாரு நம்புவாங்க?"

காலையில் இருபது பேர் முன்னால் தன் வாயாலேயே சொல்லிப் பார்த்தவர் அவர். அவர் சொல்லியே யாரும் நம்பவில்லை. டீச்சர் அவள் கையிலிருந்த ஜெர்சியை வாங்கி, விரித்து, அவள் தோள்மேல் போட்டார். "போ, வரிசையில நில்லு. லிஸ்ட்டை நான் மாத்திக்கறேன்" என்றார். ஷட்டில் ஓடினாள். டைம் சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அவ்வளவு பெண்கள் பார்க்க, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.