தொடாத கயிற்றுக்குப் பங்கு

துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு பட்டினத்தில் யாரும் நிற்கவில்லை. நாங்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிலாவெளிக்கு ஓடினோம். என் கணவர் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர். ஓடும்போதும் கோட்டுப் போட மறக்கவில்லை. அரிசி எடுக்கத்தான் மறந்துவிட்டார்.

ஒதுங்க இடம் தந்தவள், பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற பெண். அவள் புருசனுக்குச் சொந்தமாக, கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற கரைவலை இருந்தது. கரையில் இருந்த ஓலைக் குடிசையை, தங்கள் வாடியை, எங்களுக்கு விட்டுவிட்டு, அவர்கள் வெளியே தென்னைகளுக்குக் கீழே படுத்தார்கள்.

கரைவலையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கைவைத்து இழுத்த எல்லோருக்கும் மீனில் பங்கு, இழுக்காதவருக்கு இல்லை. எங்களைப் போல ஓடிவந்த வாத்தியார்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார். என் கணவர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டியபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாடிக்குள் பிள்ளைகள் பசியில் அழுதன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரையே வலைக்குள் தள்ளியிருப்பேன்.

அன்று மத்தியானம் அவள் ஒரு பெட்டி மீன் கொண்டுவந்தாள். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "ஐயாவும் கயித்தில கைவைச்சவர். இது அவரின்ர பங்கு" என்றாள். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. சும்மா தந்தால் அவர் வாங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே இருந்த நாளெல்லாம் அப்படியே பங்கு வந்தது, அவரும் சாப்பிட்டார்.

நிலைமை கொஞ்சம் அடங்கியதும் பட்டினத்துக்குத் திரும்பினோம். சில மாதங்கள் கழித்து ஒரு காலை அவள் எங்கள் முற்றத்தில் வந்து நின்றாள். தடைசெய்த கரையில் வலை போட்டார்கள் என்று பட்டாளத்தார் வலையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்களாம். அது ஐயா வேலைசெய்கிற களஞ்சியத்தில்தான் கிடக்கிறதாம். 'இவர்கள் வேவுகாரர் இல்லை, எனக்குத் தெரிந்தவர்கள்' என்று ஐயா அங்கே இருக்கிற வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் கிடைத்துவிடுமாம். வலை இல்லாவிட்டால் அதை நம்பியிருந்த அத்தனை குடும்பமும் பட்டினி.

அவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "எப்பிடித் தெரியும் எண்டு துரை கேட்டால்? இவையின்ர வாடியில கிடந்தனான் எண்டு சொல்லுறதோ?"

போய்ச் சொல்லுங்கள் என்று சத்தம் போட்டேன். அவர் காதில் விழாதவர் போலச் சப்பாத்தைத் தேடினார்.

அவள் படியில் ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

"கைவைச்சவர் எண்டு ஊருக்கு முன்னால எத்தினை நாள் பொய் சொன்னனான், ஐயா. நீங்கள் ஒரு உண்மை சொன்னால் போதும்."

அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். வலை களஞ்சியத்திலேயே கிடந்து உக்கியது. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் அவர் தன் கதிரைக்குப் போய்வந்தார்.