தட்டி அளந்த மாவு

எகிப்தின் தம்யாத் ஊரில் இன்ஷிராஹ் சுடும் ஷுரைக் ரொட்டியைக் குறை சொன்னவர் கிடையாது. சொல்ல அவள் விட்டதுமில்லை. மாவு, நெய், பால் எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஒரே அளவு, ஒரு பழைய தேநீர்க் குவளை. மருமகள் ஹனாதி சீர்ச் சாமானோடு தராசு கொண்டுவந்தபோது, "மாவென்ன தங்கமா, நிறுத்துப் பார்க்க?" என்று தெருவே கேட்கச் சிரித்தாள்.

சூயஸ் கப்பல் பட்டறையில் மகன் ரகப் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போன சேதி வந்த அன்று, அந்தக் குவளை அவள் கையிலிருந்து நழுவி நொறுங்கியது.

இப்போது அவன் இல்லாத முதல் பெருநாள் வருகிறது. விடிந்ததும் கல்லறைக்குப் போய் ஏழைகளுக்கு ரொட்டி கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் அவனுக்காக மனமார இறைவனிடம் துஆ கேட்க வேண்டும். ரகபுக்குப் பிடித்த அதே ரொட்டியாக இருந்தால்தான் அது அவன் பேரில் கொடுத்ததாகும் என்று அவள் நினைத்தாள். ஆனால் வாய் அகன்ற புதுக் குவளை மாவைக் குறைத்து அளந்து காலை வாரிவிட்டது. முதல் ஈடு நெய்யில் ஊறிப் படுத்துவிட்டது, நெய்யைக் குறைத்ததும் அடுத்தது கல்லாகிவிட்டது. மாவோ இன்னும் ஒரு ஈட்டுக்குத்தான் இருந்தது.

"இதைக்கூடச் செய்யத் துப்பில்லையே எனக்கு!" என்று அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

வாசலில் வந்து நின்ற ஹனாதியின் கையில் தராசு இருந்தது. துக்கத்துக்கு வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ரகப் பெருநாளைத் தவிர ஊர்ப்பக்கம் வராததற்கு இவள்தான் காரணம் என்பது மாமியாரின் தீராத ஆத்திரம்.

"மாமி, உங்க குவளைக்கு மாவு நூத்தி நாப்பது கிராம். உருக்குன நெய் நூத்தி எண்பது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"போன பெருநாளைக்கு வந்தப்ப, நீங்க தொழப் போன நேரத்துல நிறுத்துக்கிட்டேன்."

"திருட்டுக் கழுதை!"

"ஆமா. ஆனா சூயஸுக்குப் போய்ச் சுட்டா வரவேயில்ல. நான் நிறுத்தது நூறு சொச்சம்தான். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, நீங்க குவளையை மேடையில மூணு தட்டுத் தட்டி, மாவு இறங்க இறங்க மேல அள்ளிப் போடுவீங்க. குவளையை மட்டும் நிறுத்தாப் பத்தல மாமி, மாவைக் கூட்டிக் கூட்டிச் சுட்டுப் பாத்து உங்க கையையும் சேத்து நிறுக்க வேண்டியிருந்துச்சு."

இன்ஷிராஹ் கண்ணைத் துடைத்தாள். "எதுக்குடி இவ்வளவு பாடு?"

"அவருக்கு லீவே தரமாட்டாங்க. உங்க ரொட்டின்னு ஏங்குவார். மொதல் தடவை சரியா வந்தன்னைக்கு, வேலை விட்டு வந்தவர் வாசல்லயே நின்னு மோந்து பாத்துட்டு, 'அம்மா எப்ப வந்தாங்க?'ன்னு வீடு பூராத் தேடினார். அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதேதான்."

தான் இல்லாத வீட்டில் மகன் தன்னைத் தேடியிருக்கிறான். அந்தப் படுபாவிப் பயலை நினைத்து இன்ஷிராஹுக்கு நெஞ்சு வெடித்தது, ஆறவும் செய்தது. எழுந்து தராசை வாங்கி மாவு மேடையில் வைத்தாள்.

"நீ நிறு. நான் பிசையறேன்."

மறுநாள் கல்லறையில் ஆட்கள் கூடினார்கள். இறந்தவனின் தாய் தன் கையால் ரொட்டி கொடுப்பதுதான் அவர்கள் குடும்பத்து வழக்கம். இன்ஷிராஹ் கூடையைத் தூக்கி ஹனாதியின் கையில் வைத்தாள்.

"மொதல்ல நீ குடு. அவனுக்கு நீதானே குடுத்துக்கிட்டிருந்தே."